நான் சொல்லிக்கொடுத்த நான்கு பதில்கள்

கோமதி,

போன மாதம் உன் மகளுக்குக் காது குத்தியபோது முலுண்டில் உன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிவந்துகொண்டிருந்த நேரத்தில், உன் நாத்தனார் கேட்டாள் என்று, ஏழு வயதில் மியூசியத்தில் நீ தொலைந்துபோன கதையைச் சொன்னாய். நன்றாகவே சொன்னாய். காவலாளி மீசையைத் தடவிக்கொண்டதை நடித்துக் காட்டினாய். தாதரில் அந்த மராத்தி அம்மாள் ஒவ்வொரு சந்தாக உன்னை நிறுத்தி "இதுவா உன் வீடு, இதுவா உன் வீடு" என்று கேட்டதை அவர் குரலிலேயே சொன்னாய். உன் கணவர், "இவளுக்கு மாதுங்காவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாலும் தாதர்லதான் போய் இறங்குவா" என்றார். உன் சித்தப்பா விடவில்லை. "ஏட்டி, தாதர் கோமதின்னு உனக்கு பேரு வச்சதே நான்தான். ஒரு தெருவ கடக்கத் தெரியாதவள பேங்க்ல ஆபீசராப் போட்டிருக்கான் பாரு" என்றான். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ கடைசியில், "பயத்துல குழம்பிட்டேன், வேற என்ன" என்று கதையை முடித்தாய்.

அந்தச் சொல் என்னுடையது. உன்னைப் பற்றி அதை முதலில் சொன்னவன் நான். நீ அதைச் சொன்னபோது உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவில்லை. நடந்தது உனக்கு நினைவிருந்து எனக்காக மறைக்கிறாயா, அல்லது இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு நீயே நம்பிவிட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு யாரோ நாக்பூர் மாற்றல் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். பதவி உயர்வு, தனியாகப் போய் ஒரு கிளையையே பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. உன் கணவரும் போகத்தான் சொல்கிறார். "போகலைன்னு எழுதிக் கொடுத்திருவேன். அங்க போய் நான் தொலைஞ்சா யாரு வந்து தேடுவா?" என்று நீ சொன்னாய். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ எழுதிக் கொடுக்க வேண்டியது இந்த மாதக் கடைசிக்குள் என்று உன் அம்மா சொன்னாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் வட்டாரத்துத் தமிழர்கள் நடத்தும் இந்தச் சிறு பத்திரிகைக்கு ஏன் அனுப்புகிறேன் என்றால், அன்று உன் வீட்டில் சிரித்தவர்கள் எல்லோரும் இதைப் படிக்கிறவர்கள். உன்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னால் நான் பாதி தப்பித்துவிடுவேன். அப்படித் தப்பித்துத்தான் எனக்குப் பழக்கம்.

அப்போது நீ இரண்டாம் வகுப்பு. அறுபதுகளின் கடைசி. பம்பாயில் தெற்கத்தி ஆட்கள் மேல் ஒரு கோபம் இருந்த காலம். இருக்கிற வேலையையெல்லாம் மத்ராசிகள் பிடித்துக்கொண்டார்கள் என்று பேச்சு. நம் தெரு முனையில் இருந்த இட்லிக் கடையின் பெயர்ப்பலகையை ஒரு சாயங்காலம் யாரோ கல்லெறிந்து உடைத்தார்கள். எனக்கு நேராக நடந்தது என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். லோக்கல் ரயிலில் தமிழ்ப் பத்திரிகையை விரித்து வைத்திருந்தேன். எதிரே இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் வேலையே கிடையாதா என்று கேட்டார். அவ்வளவுதான். அவர் குரலில் கோபம்கூட இல்லை. மறுநாளிலிருந்து தமிழ்ப் பத்திரிகையை இங்கிலீஷ் பத்திரிகைக்குள் வைத்து மடித்துப் படித்தேன். ஒரு வாரத்தில் அதையும் நிறுத்திவிட்டேன். தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்த உன் சித்தப்பா என்னைவிட எவ்வளவோ அதிகம் பார்த்தவன். அவன் எப்போதும்போல ஊர் கேட்கத் தமிழ் பேசிக்கொண்டுதான் திரிந்தான். பயம் படித்தவனான எனக்குத்தான்.

நான் கப்பல் கம்பெனியில் கோப்புப் பிரிவில் இருந்தவன். எதையும் எண் போட்டு வரிசையில் வைத்தால்தான் எனக்கு மனம் அமைதியாகும். பயத்தையும் அப்படியே செய்தேன். யாராவது வழியில் உன்னை நிறுத்திக் கேட்டால் என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்து, நான்கு கேள்விகள் எழுதி, அதற்கு நான்கு பதில்கள் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறி வாங்கப் போகும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு போய், நடந்துகொண்டே ஹிந்தியில் கேட்பேன். பெயர் என்ன? கோமதி. சங்கரன்கோவில் அம்மன் பெயர்தான், ஆனால் வடக்கே அது ஒரு நதிக்கும் பெயர் என்பதால் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு அப்போது பெரிய ஆறுதல். வீடு எங்கே? தாதர். நாம் இருந்த மாதுங்கா என்றால் தமிழர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொல்வது ஒரு பொய்யா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அப்பா என்ன செய்கிறார்? ஆபீசில் வேலை. வீட்டில் என்ன பேசுவீர்கள்? ஹிந்தி. நான்கே நான்கு. நீ இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் செய்துவிட்டாய்.

ஒரு தடவை மட்டும் நீ நின்று கேட்டாய். "யப்பா, மாதுங்கான்னு சொன்னா என்ன செய்வாங்க?"

"சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

"அம்மாகிட்ட நான் சொல்லிக் காட்டட்டுமா?"

"வேண்டாம். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாதுல்லா, பயந்துருவா. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள."

உனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவும் நீயும் சேர்ந்து வைத்திருக்கும் ஒன்று. தம்பி பிறந்த பிறகு அப்படி ஒன்று உனக்குக் கிடைத்திருக்கவில்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பிறகு அந்த மியூசியம். பெயரைச் சொல்ல வேண்டாம். அங்கே இருந்தவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் பாளையங்கோட்டையில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன். கப்பல் கம்பெனியில் அதற்கு ஒரு பயனும் இல்லை. பிள்ளைகளுக்காவது காட்ட வேண்டும் என்று ஒரு விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு முன்பே ஒருமுறை தனியாகப் போய், எந்தக் கூடத்துக்குப் பிறகு எந்தக் கூடம், எதற்கு எத்தனை நிமிடம் என்று நோட்டில் குறித்து வந்திருந்தேன். உன் அம்மா அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "மியூசியத்துக்குப் போறமா, ஆடிட்டுக்குப் போறமா?" என்று கேட்டாள். பாவாடை உடுத்தப்போன உன்னைத் தடுத்துப் பச்சைக் கவுன் போடச் சொன்னவன் நான். வெளியே தமிழை மெதுவாகப் பேசு என்று உன் அம்மாவிடமும் சொல்லிவைத்தேன். "ஏன், நாம என்ன களவாண்டுட்டா வந்திருக்கோம்?" என்று அவள் கேட்டாள்.

கீழ்த்தளத்தைப் பார்த்து முடித்ததும் தம்பி அழ ஆரம்பித்தான். உன் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நீயும் நானும் மாடிக்குப் போனோம். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில் செப்பேடு ஒன்று இருந்தது. பழைய தமிழ் எழுத்து. அதில் என்ன எழுதியிருக்கிறது என்ற விளக்கத்தை நான் நோட்டில் படியெடுத்துக்கொண்டிருந்தேன். நீ மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று கத்தினாய். "யப்பா! இங்க பாருங்க, நம்ம எழுத்து! 'ட' இருக்கு, 'ப' இருக்கு! அம்மா சொல்லிக்கொடுத்த எழுத்து!"

பக்கத்தில் நின்ற இரண்டு இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எதற்குப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு குழந்தையின் சந்தோஷத்தைப் பார்த்திருக்கலாம். அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் வாயில் விரலை வைத்து உனக்குச் சைகை காட்டிவிட்டு, அடுத்த கூடத்துக்கு நடந்துவிட்டேன். உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவில்லை, கோமதி. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பயம் உனக்காக என்றால் கையைப் பிடித்திருப்பேன். உன்னோடு சேர்த்து என்னையும் பார்த்துவிடக் கூடாது என்று நடந்தேன். வாள்கள் வைத்திருந்த ஒரு பெட்டியின் முன்னால் நின்று, ஒவ்வொரு வாளின் விவரத்தையும் படிப்பதுபோல் பாவனை செய்தேன். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் சளசளவென்று கடந்துபோனது. நான் திரும்பி வந்தபோது நீ அங்கே இல்லை.

அப்போதே ஓடிப்போய் யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். நான் நோட்டைப் பார்த்து, அதில் எழுதிய வரிசையிலேயே, முதல் கூடத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். யாரிடமும் கேட்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நடுவில் ஒரு ஊழியர் மாடிக்கு வந்து, தாதரிலிருந்து வந்த பெண் குழந்தை யாருடையது என்று ஹிந்தியில் உரக்கக் கேட்டுக்கொண்டு போனார். எனக்கு அது நன்றாகக் கேட்டது. யாரோ தாதர்க்காரர் பிள்ளையைத் தொலைத்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டே நான் உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் சொல்லிக்கொடுத்த பதில் என் காதில் விழுந்தும் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கடைசியில் வாசல் காவலாளியிடம் போய், ஒரு குழந்தையைக் காணவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மத்ராசி பச்சி? நஹி சாப்." மத்ராசிக் குழந்தை எதுவும் வரவில்லை என்றார். பச்சைக் கவுன் போட்ட ஒரு பெண் வந்தாள், ஆனால் அவள் ஹிந்திக்காரக் குழந்தை. வீடு தாதர், அப்பாவுக்கு ஆபீசில் வேலை, எல்லாம் அழாமல் சொன்னாள். வெகுநேரம் பார்த்தோம், யாரும் வரவில்லை. தாதரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று தன் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போயிருக்கிறார். காவலாளி அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இனிமேல் நான் எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "அது என் பெண்தான், விலாசத்தைக் கொடுங்கள்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர், அப்படியானால் ஏன் ஹிந்திக்காரி என்றாள், ஏன் தாதர் என்றாள் என்று கேட்பார். சுற்றி நாலு பேர் நின்றார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். நீ இல்லாமல் நான் தனியாக அலைவதைத் தோட்டத்திலிருந்து பார்த்துவிட்டு, உன் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "என்ன சொல்லுதாங்க? பிள்ளயப் பார்த்தாங்களா?" என்று கேட்டாள். "பாக்கலையாம்" என்றேன்.

அவளையும் அழைத்துக்கொண்டு கீழ்த்தளம் முழுவதையும் இன்னொரு முறை சுற்றினேன். உன் அம்மா ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தாள். நீ அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். இவளுக்கும் தெரியாமல், காவலாளிக்கும் பதில் சொல்லாமல், அந்த விலாசத்தை எப்படி வாங்குவது என்று நான் யோசித்துக்கொண்டே கூட நடந்தேன். கால்மணி நேரம்.

"நீங்க ஏன் வாயைத் திறக்கவே மாட்டேங்கிய? சத்தமாக் கூப்பிட்டாத்தான அவளுக்குக் கேக்கும்?" என்றாள் உன் அம்மா. பிறகு எனக்காகக் காத்திருக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, நம் ஊர் வயற்காட்டில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள். "ஏட்டி கோமதீ! எங்கட்டி இருக்க? அம்மா இங்க இருக்கேன், வாட்டி!" அந்தப் பெரிய கூடத்தில் அது மூன்று நான்கு தடவை எதிரொலித்தது. நான் எதற்குப் பயந்து உனக்குப் பாடம் நடத்தினேனோ அது நடந்தது. ஊரே கேட்கும்படி தமிழ். என்ன ஆயிற்று தெரியுமா? ஒரு வயதான பார்சிக்காரர் தன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு என்ன வயது என்று விசாரித்தார். ஒரு குஜராத்திப் பெண் தம்பியை வாங்கி வைத்துக்கொண்டாள். மாடியில் உன்னைத் திரும்பிப் பார்த்த அந்த இரண்டு இளைஞர்களில் ஒருவன், தோட்டத்தில் பார்த்து வருகிறேன் என்று மராத்தியில் சொல்லிவிட்டு ஓடினான். அதற்குப் பிறகுதான் வாசலுக்குப் போய்க் காவலாளியிடம் சொன்னேன், அது என் பெண் என்று. அவர் ஒன்றுமே கேட்கவில்லை. விலாசம் எழுதிய தாளை எடுத்துக் கொடுத்து, சீக்கிரம் போங்கள் என்றார். உன் அம்மாவிடம் வந்து, "தாதர்னு சொல்லியிருக்கா. பயத்துல குழம்பிட்டா" என்றேன். அந்தச் சொல் பிறந்தது அங்கேதான்.

தாதரில் அந்த அம்மாளின் வீடு மூன்றாவது மாடி. நீ ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவல் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். எங்களைப் பார்த்ததும் நீ ஓடி வரவில்லை. எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தாய். உன் அம்மா உன்னை வாரி அணைத்தபோது, நீ அவளிடம் ஹிந்தியில், நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாய். உன் அம்மாவுக்குப் புரியவில்லை. "என்னட்டி சொல்லுத? என்னட்டி சொல்லுத?" என்று உன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நீ மறுபடியும் என்னைப் பார்த்தாய். இனித் தமிழில் பேசலாமா என்று நீ கேட்கிறாய் என்பது எனக்குத் தெரிந்தது. அதற்கு ஒரு தலையசைப்பு போதும். அந்த வீட்டாரைப் பார்த்துக்கொண்டு, நான் அதைக்கூடச் செய்யவில்லை.

அந்த அம்மாள் உன்னைப் புகழ்ந்தார். எத்தனை சந்து நடந்தும் அழவில்லை, இது இல்லை, இது இல்லை என்று தெளிவாகச் சொன்னாள் என்றார். அவர் கணவர் போலீஸ் சவுக்கிக்குத் தகவல் சொல்லப் போயிருந்தார். உன் அம்மா பேசிய தமிழைக் கேட்டுவிட்டு அந்த அம்மாள், நீங்கள் மத்ராசா, எங்கள் மேல் மாடியிலும் ஒரு மத்ராசிக் குடும்பம் இருக்கிறது, அவர்கள் பெண்ணும் என் பெண்ணும் ஒன்றாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றார். முதலிலேயே தெரிந்திருந்தால் அவர்களைக் கூப்பிட்டு இவளோடு பேசச் சொல்லியிருப்பேனே என்றார். ஊருக்குப் புதிதா என்று கேட்டார். ஆமாம், புதிது என்றேன். நான் பம்பாய் வந்து அப்போது பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

ரயில் பிளாட்பாரத்தில் உன் அம்மா உன்னைக் கேட்டாள், "ஏட்டி, தாதர்னு எதுக்குட்டி சொன்ன?" நீ வாயைத் திறக்கவில்லை. நம் இரண்டு பேருக்குள் இருப்பது என்று நான் சொன்னதை நீ காப்பாற்றினாய். நான் உன்னைக் காப்பாற்றவில்லை. "விடு, பிள்ள குழம்பிட்டா" என்று மறுபடியும் சொன்னேன். ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம். உன் அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். நீ என் சட்டையை இழுத்து, என்னைக் குனிய வைத்து, காதில் கேட்டாய். "யப்பா, நான் நாலும் சரியாத்தான சொன்னேன்?"

வண்டியில் கூட்டம். எதிரே இருந்தவர்கள் நம்மைப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது. "தப்பாச் சொல்லிட்ட. பேசாம வா" என்றேன். நீ கையை எடுத்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். உன் சித்தப்பா பெயர் வைத்தான். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றால் நீ போகமாட்டேன் என்பாய். நானும், அவள் குழம்பிவிடுவாள் என்று ஆசிரியைக்கு எழுதிக் கொடுப்பேன். கல்லூரிக்குப் போன முதல் வருடம் முழுவதும் நான்தான் உன்னை ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டேன். பொறுப்பான அப்பா என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உனக்கு வரன் பார்த்தபோது, பங்களூரிலிருந்து வந்த நல்ல இடத்தை, இவளுக்குப் புது ஊர் சரிப்படாது என்று தட்டிவிட்டவனும் நான்தான். மாப்பிள்ளை தங்கமானவர், அதனால் அந்தக் கதை நல்லபடியாக முடிந்தது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாசல் திறந்தது. ஒவ்வொரு தடவையும் நான், இப்போது சொன்னால் பிள்ளைக்கு மனது கஷ்டப்படும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கஷ்டம் எனக்குத்தான் என்பதை ஒத்துக்கொள்ள எழுபது வயது ஆகியிருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. இருந்தாலும் அப்பாவாக ஒன்று சொல்கிறேன், பிடிக்காவிட்டால் விட்டுவிடு. உன் மகளிடம் நீ எதையாவது, இது நமக்குள் இருக்கட்டும் என்று சொல்ல நேர்ந்தால், அது அவளுக்காகவா உனக்காகவா என்று ஒரு நிமிடம் யோசித்துக்கொள். அவள் நாளைக்கு எங்கேயாவது வழி மாறிப் போனால், வீட்டுக்கு வந்ததும் முதலில் அவளைச் சொல்லவிடு. அவள் சார்பில் நீ கதையை முடித்துவிடாதே. பெரியவர்கள் ஒரு தடவை சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு அதுவே சொந்த நினைவாக ஆகிவிடுகிறது. உன் விஷயத்தில் அப்படி ஆகியிருக்குமோ என்றுதான் பயப்படுகிறேன். அப்படி ஆகாமல், எல்லாம் தெரிந்தே நீ இத்தனை வருடம் அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால், நான் உன்னிடம் இரண்டு மடங்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மேலே எழுதியதை இன்று காலை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கீரையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். ரயில் கட்டம் வந்ததும் கையை நிறுத்தினாள்.

"அவ கேட்டது எனக்கும் கேட்டுச்சு. கண்ணைத்தான் மூடியிருந்தேன்" என்றாள்.

கையிலிருந்த தாளைக் கீழே வைத்தேன். பிறகு, "நீ ஏன் எங்கிட்டக் கேக்கல?" என்றேன்.

"நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன். நாளைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு. அவளுக்குக் கல்யாணமும் ஆயிட்டு, பிள்ளையும் பெத்துட்டா." என்னை நேராகப் பார்த்தாள். "அந்தக் கால்மணி நேரம்தான் எனக்குத் தெரியாது. பிள்ள எங்க இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டேவா என்னை அந்தக் கூடமெல்லாம் அலைய விட்டிய?"

"ஆமா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். மத்தியானம் சோறு மட்டும் போட்டாள். சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு வந்து, "பத்திரிகையில வாரது வரட்டும். அது வார வரைக்கும் அவ காத்துக்கிட்டு இருப்பாளா? நாளைக்கு முலுண்ட் போங்க. நான் கூட வரமாட்டேன். தனியாப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அதனால் நாளைக் காலை வருகிறேன், கோமதி. இது அச்சில் வரும்போது நான் வந்துபோய் நாளாகியிருக்கும். நாக்பூருக்குப் போ என்றோ, போகாதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லும் தகுதியை நான் அந்த ரயிலிலேயே இழந்துவிட்டேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வருகிறேன். நாலும் சரி. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நீ குழம்பவில்லை, வழி தவறவும் இல்லை. நான் எந்த ஊரைச் சொல்லிக்கொடுத்தேனோ அந்த ஊருக்கு அழாமல் போய்ச் சேர்ந்தாய். இதை உன் வீட்டார் எல்லோரும் இருக்கும்போதே சொல்ல நினைத்திருக்கிறேன். என்னை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் குரல் எழும்பாமல் போகலாம். அதற்காகத்தான் இதைப் பெரிய எழுத்தில் இன்னொரு பிரதி எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பாமல் உன்னை வளர்த்தவனும் நான்தான். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், நேரம் ஆகும். பரவாயில்லை, அவசரப்படாமல் படி. நீ படித்து முடித்துத் தலையை நிமிர்த்தும் வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். இந்தத் தடவை அடுத்த அறைக்குப் போகமாட்டேன்.

உன் அப்பா